செர்ரி மரம் காய்க்குமா?

நம்ம காலேஜ் ஜூனியர் பையன் ஒருத்தன் மாஸ்டர்ஸ் படிக்க வர்ஜீனியா போயிருக்கான். முதல் குளிர்காலத்துலேயே நொந்து போய், "அண்ணா, இந்த ஊர்ல எப்பத்தான் மனுசன் வெளிய நடமாட முடியும்? வசந்த காலத்துல வாஷிங்டன்ல என்னவோ நிறைய நடக்கும்னு சொல்றாங்களே, எதைப் பாக்கலாம், எதை விடலாம்?"னு கேட்டிருந்தான். பதில் எழுத ஆரம்பிச்சேன், அது பாட்டுக்கு அனுமார் வால் மாதிரி நீண்டு போச்சு. சரி, அவனுக்கு மட்டும் எழுதறதை இங்கேயே போட்டா நாலு பேருக்கு உதவுமேன்னு தோணுச்சு. ஆபிஸ்ல இந்த வாரம் ஆணியும் கம்மி.

எனக்கு இதைச் சொல்ற தகுதி இருக்கான்னா, இருக்கு. 2021 ஜனவரில போனேன், 2025 ஆகஸ்ட்ல பெட்டி கட்டிட்டேன். மொத்தம் அஞ்சு வசந்தம். முதல் வருஷம் கொரோனா புண்ணியத்துல பூவை ரூம்ல உக்காந்து வெப் கேமராலதான் பாத்தேன். அஞ்சாவது வருஷம் ஒண்ணு விடாம பாத்தேன். அதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, அம்மா வந்திருந்தாங்க. இன்னொண்ணு, அதுதான் எனக்குக் கடைசி வசந்தமோங்கற சந்தேகம்.

அந்தச் சந்தேகம் எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி மத்தது புரியாது. அமெரிக்காவுல படிச்சு முடிச்சா ஸ்டெம் படிப்புக்காரங்களுக்கு மொத்தம் மூணு வருஷம் வேலை பாக்க அனுமதி. அதுக்குள்ள எச்-1பி விசா கிடைக்கணும். வருஷத்துக்கு 85,000தான், கேக்கறவங்க அதைவிடப் பல மடங்கு. அதனால குலுக்கல். பதிவு பண்றது மார்ச்ல, முடிவு வர்றது மார்ச் கடைசில. 2023ல எனக்கு விழல, 2024லயும் விழல, 2025தான் கடைசி வாய்ப்பு. ஊரே மொட்டு எப்பத் திறக்கும்னு பாத்துட்டு இருக்கும், அதே வாரத்துல என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்க வக்கீல் மெயில் எப்ப வரும்னு பாத்துட்டு இருப்போம். மார்ச் மாசம் யாராவது நம்ம பசங்க மொபைலையே வெறிச்சுப் பாத்துட்டு இருந்தா காதல் விவகாரம்னு நினைச்சுடாதீங்க :-)

சரி, பூவுக்கு வருவோம்.

வாஷிங்டன் வசந்தம்னா செர்ரிப் பூதான். டைடல் பேசின்னு ஒரு நீர்த்தேக்கம், பொடோமாக் ஆத்தை ஒட்டி. அதைச் சுத்தி நடந்தா ரெண்டு மைல் சொச்சம். கரையெல்லாம் செர்ரி மரம், பெரும்பாலும் யோஷினோங்கற வகை. இலை வர்றதுக்கு முன்னாடியே பூத்துடும். அதனால மரம் முழுக்க வெள்ளை, லேசா ரோஸ் கலந்த வெள்ளை. தூரத்துலருந்து பாத்தா யாரோ பஞ்சு மூட்டையைப் பிரிச்சுக் கிளையில மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். வண்டில பஞ்சு வந்து இறங்கறதைப் பாத்து வளர்ந்த விருதுநகர்க்காரனுக்கு வேற என்ன உவமை வரும்?

நேஷனல் பார்க் சர்வீஸ்காரங்க இதை ஒரு ப்ராஜக்ட் மாதிரி நடத்தறாங்க. பச்சை மொட்டு, கொத்து தெரியறது, கொத்து நீளறது, காம்பு நீளறது, வெள்ளையா உப்பி நிக்கறது, கடைசியா முழுப் பூப்பு. ஆறு கட்டம், ஒவ்வொண்ணுக்கும் தனி அறிவிப்பு. யோஷினோ மொட்டுல 70 சதவீதம் திறந்தாத்தான் முழுப் பூப்புன்னு கணக்கு. நம்ம டெஸ்டிங் டீம் கூட இவ்வளவு கறாரா இருக்காது. தேதியை முன்கூட்டியே கணிச்சும் சொல்வாங்க. 2024ல மார்ச் 23லருந்து 26க்குள்ளன்னு சொன்னாங்க, மரம் 17ஆம் தேதியே பூத்துடுச்சு. நான் பாத்த வரைக்கும் சொன்ன தேதிக்கு முன்னாடி முடிஞ்ச டெலிவரி அது ஒண்ணுதான். பழைய கணக்கைப் பாத்தா ஒரு மாசம் வித்தியாசம் இருக்கு. 1990ல மார்ச் 15, 1958ல ஏப்ரல் 18. அதனால ஆறு மாசம் முன்னாடி ஃப்ளைட் புக் பண்ணி வர்றவங்க பாவம். பூத்த பிறகும் சில நாள்தான். நடுவுல ஒரு மழை காத்து அடிச்சா, அவ்வளவுதான், தண்ணி மேல ரோஸ் கலர்ல மிதக்கும். அதுவும் அழகுதான், இல்லேன்னு சொல்லல.

தம்பி, உனக்கு முக்கியமான அட்வைஸ்: காரை எடுத்துட்டு மட்டும் போயிடாத. பார்க்கிங் தேடித் தேடி பூ உதிர்ந்துடும். மெட்ரோல சில்வர் லைனோ ஆரஞ்சு லைனோ புடிச்சு ஸ்மித்சோனியன் ஸ்டேஷன்ல இறங்கி நட. காலைல ஏழு மணிக்குள்ள போ. பத்து மணிக்கு மேல போனா நம்ம ரங்கநாதன் தெருதான். கல்யாணக் கோலத்துல போட்டோ எடுக்கறவங்க, பட்டமளிப்பு அங்கி மாட்டிக்கிட்டு நிக்கறவங்க, நாய்க்கு சட்டை போட்டுக் கூட்டிட்டு வர்றவங்கன்னு திருவிழாக் கூட்டம். சாப்பாடு கைல கொண்டு போ. அங்க நிக்கற வண்டிக் கடையில ஒரு ஹாட் டாக் விலைக்கு நாம வீட்டுல மூணு நாள் சமைக்கலாம்.

அம்மா வந்தது மார்ச் 8ஆம் தேதி. மறுநாளே கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வச்சுட்டாங்க. "ஏம்ப்பா, அரசாங்கமே சொல்லி நேரத்தை மாத்துமா? அப்ப ராகு காலம்?"னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. அப்பா கடையை விட்டுட்டு வர முடியாதுன்னுட்டார். அம்மா தனியா, சென்னை தாண்டி வேற எங்கேயும் போனதில்லாதவங்க, தோஹால ஃப்ளைட் மாறி வந்து சேந்தாங்க. அவங்களுக்கு ஒரே குறை, பங்குனிப் பொங்கலை விட்டுட்டு வந்துட்டோமேங்கறதுதான். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல்னா எங்க ஊருக்கு தீபாவளி எல்லாம் அதுக்கப்புறம்தான். அக்னிச்சட்டி, பொருட்காட்சி, ராட்டினம், வெளியூர்ல இருக்கற அத்தனை பேரும் ஊர் திரும்பறதுன்னு கிட்டத்தட்ட இதே வாரங்கள்ல நடக்கும். கல்யாணமாகி வந்த நாள்லருந்து அம்மா அதைத் தவற விட்டதே இல்ல.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை முழுப் பூப்புன்னு அறிவிச்சாங்க. அன்னிக்கே லீவு போட்டுட்டு, புளியோதரை கட்டிக்கிட்டு, விடியக்காலம் கிளம்பிட்டோம். அம்மா பேசாம அரை மணி நேரம் நடந்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"இது காய்க்குமா?"

"இல்லம்மா, இது பூவுக்கு மட்டும்தான். சும்மா சின்னதா கறுப்பா ஏதோ வரும், கசக்கும், குருவிங்கதான் தின்னும்."

"காய்க்காத மரத்தைப் பாக்கவா இம்புட்டுக் கூட்டம்?"

"ஆமா."

"தலையில வச்சுக்கலாமா?"

"பறிச்சா ஃபைன் போடுவாங்கம்மா."

அம்மா என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, "சாப்புடவும் முடியாது, சாமிக்கும் போட முடியாது, சரி, நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. அப்புறம் கீழ விழுந்து கிடந்ததுல நாலு பூவை எடுத்து முகர்ந்து பாத்துட்டு, "வாசமே இல்ல"ன்னு தீர்ப்பு சொல்லி முடிச்சுட்டாங்க. மல்லிகை தின்னு வளர்ந்த மூக்கு அது, என்ன செய்ய!

இந்த மரங்களோட கதையை நான் அம்மாவுக்குச் சொன்னேன். ஜூனியர் தம்பி, நீயும் கேட்டுக்க, ஏன்னா வெறும் போட்டோ எடுத்துட்டு வர்றதுல என்ன இருக்கு. எலைசா சிட்மோர்னு ஒரு எழுத்தாளர் அம்மா. ஜப்பான் போய் வந்துட்டு, வாஷிங்டன்ல செர்ரி மரம் வைக்கணும்னு 1885லருந்து அதிகாரிங்ககிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆள் மாறும், அதிகாரி மாறுவார், இவங்க திரும்பப் போய்க் கேப்பாங்க. இப்படியே 24 வருஷம். 1909ல ஜனாதிபதி டாஃப்ட்டோட மனைவி ஹெலன் டாஃப்ட்டுக்குக் கடிதம் எழுதினப்பத்தான் காரியம் நடந்துச்சு. டோக்கியோ நகரம் 2,000 மரம் அனுப்புச்சு. 1910 ஜனவரில வந்து சேந்துச்சு. பரிசோதிச்சுப் பாத்தா பூச்சி, நூற்புழு, நோய். விவசாயத் துறைக்காரங்க எரிக்கணும்னு சொல்லிட்டாங்க, டாஃப்ட்டும் சரின்னுட்டார். பரிசா வந்த மரம் அத்தனையும் எரிஞ்சுது.

இதுல எனக்குப் பிடிச்சது அடுத்த கட்டம்தான். டோக்கியோ மேயர் யுகியோ ஒஸாகியும் ஜப்பான்காரங்களும் கோவிச்சுக்கல. இந்தத் தடவை நல்லா கவனிச்சு வளர்த்து, 3,020 மரத்தை அனுப்பினாங்க. 1912 மார்ச் 27 அன்னிக்கு ஹெலன் டாஃப்ட்டும் ஜப்பான் தூதரோட மனைவியும் முதல் ரெண்டு மரத்தை நட்டாங்க. அம்மா இதைக் கேட்டுட்டு, "முதல் தடவை விசா கிடைக்கல, ரெண்டாவது தடவை கிடைச்சிருச்சு"ன்னாங்க. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாங்கன்னு தெரியும். அந்த மரங்களுக்கும் நிம்மதியில்ல. 1938ல ஜெஃபர்சன் நினைவகம் கட்ட மரத்தை வெட்டப் போறாங்கன்னு கேள்விப்பட்டுப் பொம்பளைங்க மரத்தோட தங்களைச் சங்கிலியால கட்டிக்கிட்டு நின்னாங்க. 1941ல பேர்ல் ஹார்பர் நடந்த சில நாள்லயே நாலு மரத்தை யாரோ ராத்திரியில வெட்டிட்டாங்க. போர் முடியற வரைக்கும் அதை ஜப்பான் செர்ரின்னு சொல்லக்கூட யோசிச்சு, கீழ்த்திசை செர்ரின்னு சொல்லிட்டு இருந்தாங்க. விழா நின்னு போய் 1947லதான் திரும்ப வந்துச்சு. மரத்துக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் பூத்துட்டு இருந்திருக்கும்.

இப்ப பிரச்னை வேற. டைடல் பேசின் கரை அமிழ்ந்துட்டு வருது, தண்ணி மட்டம் ஏறுது. ஓதம் ஏறும்போது நடைபாதைல சில இடத்துல தண்ணி வந்துடும், ஷூவைக் கைல தூக்கிட்டு நடக்கணும். அதனால 2024 கோடைல கரைச்சுவரைத் திரும்பக் கட்ட 140க்கும் மேல செர்ரி மரங்களை எடுத்துட்டாங்க. அதுல 'ஸ்டம்பி'ன்னு ஒரு மரம். பாதி உடம்பு இல்லாம, உள்ள குடைஞ்சு, ஒரே ஒரு கிளையில பூ வச்சுட்டு நிக்கும். அதுக்கு ரசிகர் மன்றம் மாதிரி ஒரு கூட்டம். 2024 வசந்தத்துல மரத்துக்கடியில பூங்கொத்து, கடிதம் எல்லாம் வச்சுட்டுப் போனாங்க. நானும் க்யூல நின்னு பாத்தேன். அதோட கிளையை எடுத்து ஒட்டு வளர்க்க ஏற்பாடு செஞ்சுட்டுத்தான் வெட்டினாங்க. எடுத்த மரங்களைவிட அதிகமா நடறதாத் திட்டம், ஜப்பானும் அமெரிக்காவோட 250ஆவது வருஷத்துக்கு 250 மரம் தர்றதா 2024ல அறிவிச்சுது.

மறுநாள், மார்ச் 29, சனிக்கிழமை. பட்டத் திருவிழா. இதை மட்டும் தவற விட்டுடாத தம்பி. வாஷிங்டன் நினைவுத்தூணைச் சுத்தி இருக்கற புல்வெளி முழுக்கப் பட்டம். டிக்கெட் கிடையாது, பட்டத்தை எடுத்துட்டுப் போக வேண்டியதுதான். 1967ல இதை ஆரம்பிச்சவர் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தோட பால் கார்பர். ரெண்டாம் உலகப் போர்ல கடற்படைக்கு சுட்டுப் பழக ஒரு பட்டத்தையே வடிவமைச்சுக் கொடுத்தவர். வேடிக்கை என்னன்னா, அவர் இதை ஆரம்பிச்ச சமயத்துல வாஷிங்டன்ல பட்டம் விடறது சட்டப்படி தப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் ஒண்ணு அப்படியே கிடந்துச்சு, அப்புறமாத்தான் எடுத்தாங்க. நம்ம சென்னையில மாஞ்சாவுக்குத் தடை போட்டதுக்காவது அர்த்தம் இருக்கு, கழுத்தை அறுத்துடும்.

டாலர் கடையில வாங்கின ரோஸ் கலர் பட்டம் ஒண்ணு கொண்டு போயிருந்தோம். நான் ரெண்டு தடவை ஏத்திப் பாத்தேன், தலைகீழா குத்துது. அம்மா கையை நீட்டி, "குடு இங்க"ன்னாங்க. நூலைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, சுண்டி, திரும்ப விட்டு, அஞ்சே நிமிஷத்துல மேல ஏத்திட்டாங்க. எனக்கு வாயடைச்சுப் போச்சு. "எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"ன்னேன்.

"மாமாங்க விடறதைப் பாத்துத்தான். எனக்கு எங்க குடுத்தாங்க? அறுந்து போனா ஓடிப் போய் எடுத்துட்டு வர்றதுதான் என் வேலை. ஒரு தடவைகூட நூலைக் கையில குடுத்ததில்ல."

அம்மாவுக்கு அப்ப 54 வயசு. சேலை மேல என் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு, கான்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு, அண்ணாந்து பாத்தபடி ரெண்டு மணி நேரம் நூலை விடவே இல்ல. பக்கத்துல ஒரு வெள்ளைக்காரக் குட்டிப் பொண்ணு தன் பட்டத்தை அம்மாகிட்ட நீட்டுச்சு, ஏத்திக் குடுன்னு. அதையும் ஏத்திக் குடுத்தாங்க. பாஷையே தேவைப்படல. நான் புல்லுல படுத்துட்டு மொபைலைத் திறந்து மெயில் பாக்கலாமான்னு யோசிச்சேன். சனிக்கிழமை எந்த வக்கீல் மெயில் அனுப்புவார்னு திரும்பப் பாக்கெட்டுல வச்சேன்.

முடிவு வந்தது திங்கக்கிழமை, 31ஆம் தேதி. வந்ததுன்னு சொல்றதுகூடத் தப்பு. விழுந்தவங்களுக்கு 'செலக்டட்'னு மாறும். விழாதவங்களுக்கு 'சப்மிட்டட்'னு அப்படியே இருக்கும். அப்போதைக்கு இல்லைன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்ல மாட்டாங்க. குலுக்கல் முடிஞ்சுதுன்னு அறிவிப்பு வந்துடுச்சு, ஆபிஸ்ல ரெண்டு பேருக்கு விழுந்துடுச்சு, எனக்கு 'சப்மிட்டட்'. அந்த வருஷம் தகுதியான பதிவு 3,43,981, எடுத்தது 1,20,141. மூணுல ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல. மூணு தடவை ட்ரை பண்ணினா ஒண்ணாவது விழணும்னு மனசு கணக்குப் போடும், ஆனா ப்ராபபிலிட்டி படிச்சவனுக்கு அது அப்படி வேலை செய்யாதுன்னும் தெரியும்.

அம்மா ரசத்துக்குத் தாளிச்சுட்டு இருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். அடுப்பை அணைச்சுட்டு, "குலுக்கல்னா குலுக்கல் சீட்டு மாதிரியா?"ன்னாங்க. ஆமான்னேன்.

"நம்ம ஊர்ச் சீட்டுல மாசாமாசம் குலுக்கினாலும் கடைசில எல்லாருக்கும் ஒரு தடவை வந்துருமே. இருவது பேர் போட்டா இருவதாவது மாசம் இருவதாவது ஆளுக்கு. இதுல அப்படிக் கிடையாதா?"

"கிடையாதும்மா."

"அப்ப இது சீட்டு இல்ல, லாட்டரி"ன்னாங்க. அஞ்சு வருஷமா நான் படிச்ச எந்தக் கட்டுரையும் இதை இவ்வளவு தெளிவாச் சொல்லல. அப்புறம், "எப்பப் பெட்டி கட்டணும்?"னு கேட்டாங்க. ஜூலை கடைசி வரைக்கும் வேலை, அதுக்கப்புறம் 60 நாள் டயம்னேன். விரல் விட்டு எண்ணிப் பாத்து, "ஆவணிக்குள்ள வந்துருவே"ன்னாங்க. குரல்ல வருத்தம் இருந்துச்சு. வருத்தம் மட்டும்தான் இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. அதுக்காக நான் அவங்களைத் தப்பா நினைக்கல. கல்விக் கடன் 2024லயே அடைஞ்சாச்சு, ஒரே பையன், வேற என்ன எதிர்பார்ப்பாங்க? ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அதுக்கப்புறம் நாங்க ஒரு வாரக்கடைசியையும் வீட்டுல இருந்து வீணாக்கல. ஏப்ரல் 11 பங்குனி உத்திரம். மேரிலாண்ட் லான்ஹம்ல முருகன் கோயிலுக்குப் போனோம். பக்கத்துலயே சிவா விஷ்ணு கோயிலும் இருக்கு, ரெண்டையும் சேத்துப் பாத்துடலாம். அம்மா முதல் தடவையா அன்னிக்குத்தான் அக்கம்பக்கத்துல யார்கிட்டயாவது தமிழ்ல பேசணும்னு தேடாம இருந்தாங்க. மறுநாள் 12ஆம் தேதி, கான்ஸ்டிடியூஷன் அவென்யூல செர்ரி விழா ஊர்வலம். பெரிய பெரிய ஹீலியம் பலூன், பள்ளிக்கூட பேண்ட் வாத்தியம், அலங்கார வண்டி. சீட்டுக்குத்தான் காசு, ஓரமா நின்னு பாத்தா இலவசம். என்னைக் கேட்டா ஊர்வலம் சுமார்தான். வெளியூர்லருந்து எங்கேயோ ஒரு சின்ன ஊர்ப் பிள்ளைங்க, கனமான ட்ரம்மைக் கட்டிக்கிட்டு, வேர்க்க வேர்க்க வாசிச்சுட்டு வருவாங்க பாரு, அது மட்டும் நல்லா இருக்கும். அம்மாவுக்கும் அதுதான் பிடிச்சுது. ஒரு குண்டுப் பையன் ட்யூபா வாசிச்சுட்டு மூச்சு வாங்கிட்டு வந்தான். "அந்தப் பிள்ளைக்கு யாராச்சும் தண்ணி குடுங்களேன்"னு தமிழ்ல கத்தினாங்க.

வெள்ளை மாளிகை ஈஸ்டர் முட்டை உருட்டற விழான்னு ஒண்ணு இருக்கு. 1878லருந்து நடக்குது, குழந்தைங்க புல்வெளியில கரண்டியால முட்டையை உருட்டிட்டு ஓடணும். டிக்கெட் எப்படின்னு நினைக்கறே? குலுக்கல். பக்கத்து அபார்ட்மெண்ட் குழந்தைக்கு விழுந்துடுச்சு. "அதுக்காவது விழுந்துச்சே"ன்னு அம்மா சந்தோஷப்பட்டாங்க. கல்யாணமாகாத உனக்கு இது ஆகாது தம்பி, கூட ஒரு குழந்தை இருந்தாத்தான் அனுமதி.

கூட்டம் ஆகாதுன்னா பெதஸ்டா பக்கத்துல கென்வுட்னு ஒரு குடியிருப்பு. அங்க தெருவெல்லாம் செர்ரி மரம், ஆயிரத்துக்கு மேல. வீட்டு வாசல்ல சின்னப் பசங்க மேஜை போட்டு லெமனேட் விப்பாங்க. சக்கரை ஜாஸ்தி. ஆனா வாங்கிக் குடிச்சுடு, மனசு கஷ்டப்படும்.

ஏப்ரல் பாதிக்கு மேல ஓக் மரத்துலருந்து மகரந்தம் கொட்ட ஆரம்பிக்கும். இதை எந்தச் சுற்றுலா புத்தகமும் உனக்குச் சொல்லாது. காலைல எந்திரிச்சுப் பாத்தா காரெல்லாம் மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி நிக்கும். "மஞ்சத்தண்ணி ஊத்திட்டாங்களா?"ன்னு அம்மா நிஜமாவே கேட்டாங்க. நமக்கு முதல் வருஷம் ஒண்ணும் செய்யாது. ரெண்டாவது மூணாவது வருஷத்துல கண்ணும் மூக்கும் ஒழுக ஆரம்பிக்கும். மருந்துக்கடையில அலர்ஜி மாத்திரை மார்ச்லயே வாங்கி வச்சுடு.

ஏப்ரல் கடைசில நேஷனல் ஆர்போரிட்டம் போனோம். அசேலியா பூ மலைச்சரிவு முழுக்க, அது தனி அழகு. ஆனா அம்மா நின்னது போன்சாய் மரங்கள்கிட்டத்தான். அங்க ஒரு வெள்ளைப் பைன் மரம் இருக்கு. 1625லருந்து தொட்டியில வளர்க்கறாங்க. யமாகிங்கற குடும்பம் ஹிரோஷிமாவுல வச்சிருந்த மரம். 1945ல குண்டு போட்ட இடத்துலருந்து ரெண்டு மைல் தூரத்துல இருந்து தப்பிச்சுது. 1976ல அந்தக் குடும்பம் அதை அமெரிக்காவுக்கே பரிசாக் குடுத்துடுச்சு. அது ஹிரோஷிமாவுல இருந்த மரம்ங்கற விஷயமே ரொம்ப வருஷம் இவங்களுக்குத் தெரியாது. 2001ல அந்த வீட்டுப் பேரப் பிள்ளைங்க மரத்தைப் பாக்க வந்தப்பத்தான் சொன்னாங்களாம். நான் இதைச் சொல்லி முடிச்சதும் அம்மா செருப்பைக் கழட்டப் போய், சுத்திப் பாத்துட்டு, கழட்டாம கையை மட்டும் கூப்பினாங்க. அங்க மெட்ரோ கிடையாது, யார்கிட்டயாவது கார்ல தொத்திக்க.

மே முதல் சனிக்கிழமையும் ரெண்டாவது சனிக்கிழமையும் தூதரகங்கள் கதவைத் திறந்து வைக்கும். முதல் வாரம் உலக நாடுகள், அடுத்த வாரம் ஐரோப்பிய நாடுகள். மத்த நாள்ல விசாவுக்காகக் கைகட்டி நிக்கற வாசல்ல அன்னிக்கு பாட்டு, டான்ஸ், தின்பண்டம். தூதரகம்னா அந்த நாட்டு மண்ணுன்னு நம்ம ஆளுங்க அடிச்சு விடுவாங்க, சட்டப்படி அப்படிக் கிடையாது. ஆனா எங்கம்மாகிட்ட நான் அதைச் சொல்லல. ஆறு தூதரகம் ஏறி இறங்கினாங்க. ஒரு இடத்துல காபி, ஒரு இடத்துல ஏதோ வறுத்த வாழைக்காய். "உங்கப்பாகிட்டச் சொல்லணும், ஒரே நாள்ல ஆறு தேசம் பாத்துட்டேன், ஒருத்தன் பாஸ்போர்ட் கேக்கல"ன்னாங்க. க்யூ நீளம், காலைல பத்து மணிக்கே போயிடு, ரொம்பப் பிரபலமான நாட்டை விட்டுட்டு யாரும் நிக்காத நாட்டுக்குப் போ. அங்கதான் தூதரே வந்து கை குடுப்பார்.

மே நடுவுல அம்மா கிளம்பினாங்க, ஆகஸ்ட்ல நான். வந்த ஒரு மாசத்துலயே, 2025 செப்டம்பர்ல, வெளிநாட்டுலருந்து புதுசா எச்-1பி கேட்டா ஒரு லட்சம் டாலர்னு உத்தரவு போட்டாங்க. ஒரு லட்சம் ரூபாய் இல்ல, டாலர். இப்ப சென்னையில ஓஎம்ஆர்ல ஆணி புடுங்கறேன். சம்பளம் கம்மி, வேலை அதேதான். மார்ச் வந்தா விரல் தானா அந்த வெப் கேமராவைத் திறந்து பாக்குது. அம்மாவுக்கும் லிங்க் அனுப்பியிருக்கேன். அவங்க ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் திறந்து பாத்து, "இன்னும் மொட்டுதான்"னு வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாங்க.

தம்பி, உன் மிட் டெர்ம் முடிய ஏப்ரல் ரெண்டாவது வாரம் ஆயிடும்னு சொல்லியிருந்தே. அதுக்குள்ள யோஷினோ உதிர்ந்திருக்கும், டைடல் பேசின்ல பச்சை இலைதான் இருக்கும். அதுக்காக ரூம்லயே படுத்துக்காத. ஈஸ்ட் பொடோமாக் பார்க் பக்கம் குவான்சான்னு இன்னொரு வகை செர்ரி நட்டிருக்காங்க. யோஷினோ முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அது பூக்கும். அடுக்கடுக்கா இதழ், நல்ல அடர் ரோஸ், டிசம்பர்ப் பூச் சரம் சைஸுக்குக் கொத்துக் கொத்தா. கூட்டமே இருக்காது. காத்து ஜாஸ்தி, ஒரு ஜாக்கெட் எடுத்துக்க. பட்டம் இருந்தா அதையும்.